கூடைப்பந்து சரித்திரம் – 19: பந்தை நடத்திய மூவர்

சென்ற அத்தியாயத்தில் பாஸ்டன் செல்டிக்ஸின் பாப் கூஸியையும் ஸின்ஸினாட்டி ராயல்ஸின் ஆஸ்கார் ராபர்ட்ஸனையும் பற்றிச் சொல்லி நிறுத்தியிருந்தோம். தாம் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 38 கூடக் கூடையில் விழாத கூஸி, பிறரை எறியவைக்கும் வித்தையினாலேயே 6 முறை சாம்பியன் பட்டம் வென்ற அணியின் நாயகராக விளங்கியதையும், 1961–62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 30.8 புள்ளிகளும் 12.5 ரீபவுண்டுகளும் 11.4 அஸிஸ்டுகளும் எடுத்துப் பார்த்தவர்களைப் பிரமிக்கச் செய்த ராபர்ட்ஸன், மில்வாக்கிக்குச் சென்று லூ ஆல்ஸிண்டர் என்ற நெடியவரோடு சேரும் வரையில், அதாவது 1971 வரையில், ஒரு பட்டமும் காணாமலே ஆடியதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இவ்விரண்டு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்து நோக்குகிறவருக்கு ஒரு சந்தேகம் எழாமல் இராது: பாயிண்ட் கார்டு என்ற ஸ்தானத்தில் நிற்பவருடைய பலத்தையும் பலவீனத்தையும் அவரைத் தனியே நிறுத்தி வைத்து நிறுத்துப் பார்க்க முடியுமா?

இந்தச் சந்தேகத்தைப் பரிசீலிக்க 1980-களைக் காட்டிலும் பொருத்தமான காலம் வேறில்லை. ஒரே லீகில், ஒருவரையொருவர் எதிர்த்து ஆடியவர்களாய், உடலமைப்பிலும் சுபாவத்திலும் முற்றும் வேறுபட்ட மூவர் அந்தக் காலத்தில் இந்த ஸ்தானத்தை ஆண்டார்கள்: லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸின் மாஜிக் ஜான்ஸன், டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் ஐஸேயா தாமஸ், யூட்டா ஜாஸின் ஜான் ஸ்டாக்டன்.

ஸ்தானத்தின் கடமைகளை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்து விதிப்படி பந்தைப் பெற்ற அணி 10 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டவேண்டும். 24 விநாடிக்குள் எறிந்தாகவேண்டும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியவர், எந்த இலையில் எது தீர்ந்திருக்கிறது, யார் கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதை நடந்துகொண்டே கண்டறிந்து பரிமாறுகிறவர்களை ஏவுவதைப் போல, அந்தச் சொற்ப விநாடிகளுக்குள், தம்முன் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு வழிமறிக்கும்போதே, எஞ்சிய நால்வரில் எவருக்கு எந்த இடத்தில் எந்தக் கணத்தில் பந்து போய்ச் சேரவேண்டும் என்று நிர்ணயிப்பதுதான் இவருடைய தொழில். இத்தொழிலில் குறையில்லாதவர் என்று ஒருவரையும் சரித்திரம் காட்டவில்லை. ஆகவே யாரிடம் குறை அதிகம், யாரிடம் குறைவு என்று கூட்டிக் கழிப்பதைவிட, தம் குறை இன்னதென்று அறிந்துகொண்டபின் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று விசாரிப்பதே நியாயமான அளவுகோல் என்பது என் அபிப்பிராயம். மூவரும் அதற்கு மூன்று வெவ்வேறு விடைகளைத் தந்தார்கள்.

மாஜிக் ஜான்ஸன் 1959 ஆகஸ்டு 14-ஆம் தேதி மிஷிகன் மாகாணத்து லான்ஸிங் நகரத்தில், மோட்டார்த் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். எர்வின் என்பது பெற்றோர் இட்ட பெயர். பள்ளி மாணவராக ஓர் ஆட்டத்தில் 36 புள்ளிகளும் 18 ரீபவுண்டுகளும் 16 அஸிஸ்டுகளும் எடுத்ததைக் கண்ட உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் சூட்டிய பெயரே உலகில் நிலைத்துவிட்டது. 6 அடி 9 அங்குல உயரம். அந்த உயரமுள்ளவர்களைக் கூடைக்கு அடியில் நிறுத்துவதே அதுவரையில் வழக்கமாக இருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு வருவது குள்ளர்களின் வேலை என்று எல்லாப் பயிற்சியாளர்களும் கருதியிருந்தார்கள். அந்த வழக்கத்தை ஜான்ஸன் மாற்றியதன் விளைவு வெறும் விநோதமாக நின்றுவிடவில்லை. ஆட்டத்தின் கணக்கையே அது மாற்றிவிட்டது.

எப்படியென்றால், எதிரணி எறிந்த பந்து கூடையில் விழாமல் திரும்பும்போது அதைப் பிடிக்கிற நெடியவர், சாதாரணமாக, பக்கவாட்டில் காத்திருக்கும் பாயிண்ட் கார்டுக்கு அதை அனுப்புவார். அவர் வாங்கித் திரும்பி ஓடத் தொடங்குவதற்குள் எதிரணியார் மூவராவது தங்கள் பாதிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஜான்ஸனோ பந்தைத் தாமே பிடித்து, பிடித்த இடத்திலிருந்து தாமே தட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒரு பாஸ் மிச்சம். அந்த ஒரு பாஸுக்குரிய விநாடியில் ஜேம்ஸ் வொர்த்தி ஒரு பக்கமும் பைரன் ஸ்காட் மறுபக்கமும் பறந்திருப்பார்கள். காவலர் முகம் திருப்பும் திசையில் கண்ணை ஓட்டி, கண் பார்க்காத திசையில் பந்தை விட்டுவிட்டு, அது கூடையில் விழுவதற்குள் ஜான்ஸன் சிரிக்கத் தொடங்கியிருப்பார். லேக்கர்ஸின் ‘ஷோடைம்’ என்று பிரசித்தி பெற்ற ஆட்டம் இதுவே. நிதானமான ஆட்டத்திலும் உயரம் உதவிற்று: குள்ளமான காவலர்களின் தலைக்கு மேலாக அரங்கம் முழுவதையும் பார்க்க அவரால் முடிந்தது; அவர்கள் ஏறி நெருக்கினால் முதுகைக் காட்டித் தள்ளிக்கொண்டே கூடைக்கு அருகில் போய்விடுவார்.

1980 மே 16-ஆம் தேதி பிலடெல்பியாவில் நடந்தது இன்றும் பேசப்படுகிறது. இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டம்; கணுக்கால் சுளுக்கினால் கரீம் அப்துல் ஜப்பார் லாஸ் ஏஞ்சலீஸிலேயே தங்கிவிட்டார். (மில்வாக்கியில் ராபர்ட்ஸனுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்த அதே ஆல்ஸிண்டர்தான், பெயர் மாறி இப்போது லேக்கர்ஸில் இருந்தார் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.) சென்டர் ஸ்தானத்துக்கு ஆளில்லாத அந்த நிலையில், லீகுக்கு வந்து ஒரு வருஷமே ஆன 20 வயது இளைஞர் நடுவட்டத்தில் நின்று முதல் பந்துக்குக் குதித்தார், 42 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் 7 அஸிஸ்டுகளும் எடுத்தார், கிடைத்த 14 ஃப்ரீ த்ரோக்களில் ஒன்றையும் தவறவிடவில்லை. 123–107 என்று லேக்கர்ஸ் வென்று பட்டத்தோடு ஊர் திரும்பினார்கள்.

இத்தகைய உதயத்துக்குப் பிறகு அவருடைய குறைகளைப் பேசுவோர் மௌனமாயிருந்திருக்கலாம். ஆனால் குறைகள் இருந்தன. அவை சிறியனவும் அல்ல. 1981 நவம்பரில் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட்டின் முறை பிடிக்கவில்லையென்று சொல்லி, தம்மை வேறு அணிக்கு அனுப்பிவிடும்படி பகிரங்கமாகக் கேட்டார். மறுநாளே பயிற்சியாளர் நீக்கப்பட்டார். சொந்த ஊர் ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். தூரத்திலிருந்து எறிவதில் அவர் ஆரம்பத்தில் மிகவும் பலவீனர்: 1982–83 பருவத்தில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 21 முறை எறிந்து ஒன்றையும் கூடையில் போடவில்லை. 1984-இல் பாஸ்டனை எதிர்த்த இறுதித் தொடரோ அவருக்குப் பெரும் அவமானமாக முடிந்தது. இரண்டாம் ஆட்டத்தில் புள்ளிகள் சமமாக நின்றபோது, கடிகாரத்தைக் கவனியாமல் பந்தைத் தட்டிக்கொண்டே நின்று கடைசி எறிக்கு அவகாசமில்லாமல் செய்தார். நான்காம் ஆட்டத்தின் முடிவில் அவர் விட்ட பாஸை ராபர்ட் பாரிஷ் பறித்தார். கூடுதல் நேரத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் தவறின. இரண்டு ஆட்டங்களும் தோல்வி. ஏழாம் ஆட்டத்தில் பட்டமும் போயிற்று.

இதற்கெல்லாம் மேலாக, அவருடைய உயரமே கொண்டுவந்த ஒரு குறை இருந்தது. எதிரணியின் சிறிய, அதிவேகமான பாயிண்ட் கார்டுகளைத் துரத்திக் காப்பது அந்த நீண்ட கால்களுக்குச் சாத்தியமாகவில்லை. குனிந்து பக்கவாட்டில் நகர்வதற்குள் அவர்கள் தோளை உரசிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. தீர்க்கக்கூடிய குறைகளைத் தீர்த்தார். தீர்க்கமுடியாததைத் துணைவரிடம் ஒப்படைத்தார். ஒவ்வொரு கோடைக்காலத்திலும் ஏதேனும் ஒரு புதிய எறியைக் கற்றுக்கொண்டு வந்தார். அப்துல் ஜப்பாரின் ‘ஸ்கை ஹுக்’ என்ற வளைந்த எறியை அவரிடமே பயின்று, 1987 ஜூன் 9-ஆம் தேதி பாஸ்டன் கார்டனில், மக்ஹேலும் பாரிஷும் கைகளை உயர்த்தி நிற்க, அவர்களுடைய விரல்களுக்கு மேலாக அதை எறிந்து 107–106 என்று ஆட்டத்தை வென்றார். மூன்று வருஷத்துக்கு முந்திய அவமானம் அந்த அரங்கத்திலேயே துடைக்கப்பட்டது. ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டவர் என்று ஏசப்பட்டவர் 1988–89-இல் நூற்றுக்கு 91 வீதம் போட்டு லீகிலேயே முதலிடம் பெற்றார். ஒன்றுகூடப் போடாத மூன்று புள்ளி எறியை 1989–90-இல் 106 முறை போட்டார். ஆனால் எதிரணியின் வேகக்காரரைக் காக்கும் பொறுப்பை மைக்கேல் கூப்பரும் ஸ்காட்டும் ஏற்றுக்கொண்டார்கள். மெலிந்து நீண்ட உடல்வாகுள்ள கூப்பர் 1987-இல் லீகின் மிகச்சிறந்த காவலர் என்ற விருது பெற்றவர். ஜான்ஸனின் 5 பட்டங்களிலும் அவருக்குப் பங்குண்டு. அவரைப் பற்றிப் பேசாமல் ஜான்ஸனின் மகிமையைப் பேசுவது அரைகுறைச் சரித்திரமாகும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

1991-இல் சிகாகோ புல்ஸ் அந்த உயரத்துக்கும் விடை கண்டுபிடித்தார்கள். 6 அடி 8 அங்குலமும் மானின் கால்களும் கொண்ட ஸ்காட்டி பிப்பனை ஜான்ஸனின்மேல் ஏவிவிட்டு, பந்தைக் கொண்டுவருவதையே பெரும் பாடாக்கினார்கள்; லேக்கர்ஸ் ஒரே ஒரு ஆட்டம் வென்று தொடரை இழந்தார்கள். அவ்வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி, தம் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதாக அறிவித்து ஜான்ஸன் ஆட்டத்தினின்றும் விலகினார். ஆட்டத்துக்குச் சராசரி 11.2 அஸிஸ்ட் என்ற அவருடைய கணக்கை இன்றுவரை ஒருவரும் மிஞ்சவில்லை.

ஐஸேயா தாமஸின் கதை வேறு மாதிரியானது. சிகாகோவின் மேற்குப் பகுதியில், வறுமையும் துப்பாக்கியும் நிறைந்த தெருக்களில், ஒன்பது குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்து, மேரி என்ற தைரியசாலியான தாயாரால் வளர்க்கப்பட்டவர். உயரம் 6 அடி 1 அங்குலம். இண்டியானா சர்வகலாசாலைக்கு 1981-இல் பட்டம் வாங்கிக்கொடுத்துவிட்டு, அப்போது லீகின் அடித்தளத்தில் கிடந்த டெட்ராய்ட் அணிக்கு வந்து சேர்ந்தார். பந்து அவருடைய உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு பிறந்ததோ என்று தோன்றும்படி அதைத் தட்டிச் செல்வதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை. 1984-இல் நியூயார்க்கை எதிர்த்த ஒரு முக்கியமான ஆட்டத்தில், தோல்வி நிச்சயம் என்று அரங்கமே முடிவு கட்டிவிட்ட தருணத்தில், 94 விநாடிகளுக்குள் 16 புள்ளிகள் எடுத்துக் கூடுதல் நேரத்துக்கு ஆட்டத்தை இழுத்துச் சென்றார். தோற்றார்கள் என்றாலும் அந்த ஒன்றரை நிமிஷத்தைக் கண்டவர்கள் மறக்கவில்லை.

துணிச்சல் அவருடைய பெரும் பலம். அவரைக் கவிழ்த்ததும் அதுவே. 1987 மே 26-ஆம் தேதி பாஸ்டன் கார்டனில் நடந்ததை இங்கே நிதானமாகப் பார்க்கவேண்டும். கிழக்குப் பிரிவின் இறுதித் தொடர், ஐந்தாம் ஆட்டம், டெட்ராய்ட் 107–106 என்று முன்னிலையில் இருக்கிறது, மிஞ்சியிருப்பது 5 விநாடி, பந்தும் டெட்ராய்டுடையது. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று அதை உள்ளே அனுப்பவேண்டியவர் தாமஸ். பயிற்சியாளர் சக் டேலி டைம் அவுட் கேட்கும்படி கூவுகிறார். இரைச்சலில் அது காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் காத்திருக்கும் சுபாவம் அவருக்கில்லை. நடுவர் பந்தைக் கொடுத்ததும், கூடைக்கருகில் நின்ற பில் லேம்பியருக்கு அதைத் தளர்வாக வீசினார். லாரி பேர்ட் எங்கிருந்தோ பாய்ந்து வந்து அதைப் பறித்தார். கோட்டைத் தாண்டி விழப்போகும் உடலை ஒற்றைக் காலில் நிறுத்திக்கொண்டு, ஓடிவந்த டென்னிஸ் ஜான்ஸனிடம் அனுப்பினார். அவர் அதைக் கூடையில் வைத்தார். 108–107. ஏழாம் ஆட்டத்தில் டெட்ராய்டின் ஆசை அவ்வருஷத்துக்கு அடங்கிப்போயிற்று.

ஒரு வருஷம் கழித்து, 1988 ஜூன் 19-ஆம் தேதி, இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் லேக்கர்ஸின் அரங்கத்திலேயே, அதே துணிச்சலின் மறுமுகம் தெரிந்தது. ஜான்ஸனும் தாமஸும் நெருங்கிய சிநேகிதர்கள். தொடரின் தொடக்கத்தில் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டு பிரிந்து நின்று ஆடியவர்கள். மூன்றாம் கால்பகுதியில் தாமஸ், நாம் முன்னே கூறிய மைக்கேல் கூப்பரின் பாதத்தின்மேல் தவறி இறங்கிக் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டார். சிறிது நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டு நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். ஒற்றைக் காலால் உந்தி எறிந்த பந்துகளும் கூடையில் விழுந்தன. அந்தக் கால்பகுதியில் மட்டும் 25 புள்ளிகள், இறுதித் தொடரில் அதுவரை எவரும் காணாத கணக்கு. ஆட்டத்தின் முடிவில் அவர் பெயரில் 43 புள்ளிகள் இருந்தன; அணியோ 103–102 என்று ஒரு புள்ளியில் தோற்றது. பட்டம் கிட்டாத ஆட்டங்களுள் இதைவிட வீரமான ஒன்றை நான் அறியேன்.

தம் துணிச்சலைத் தாமஸ் விட்டுவிடவில்லை; ஆனால் அதற்கு இடங்கொடுக்கும் வேளையைக் குறைத்துக்கொண்டார். இதைக் கணக்குப் பிரியர்கள் அநேகர் கவனிப்பதில்லை. 1984–85-இல் ஆட்டத்துக்கு 13.9 அஸிஸ்ட் என்று அன்றைய லீகின் உச்சத்தைத் தொட்டவர், பட்டம் வென்ற 1988–89-இல் 8.3 அஸிஸ்டுக்கு இறங்கினார், புள்ளிகளும் குறைந்தன. இறங்கினார் என்பதைவிடத் தம்மை இறக்கிக்கொண்டார் என்பதே பொருந்தும். ஜோ டூமார்ஸ் என்ற அமைதியான துணைவரிடம் பந்தைக் கொண்டுவரும் பொறுப்பில் பாதியைக் கொடுத்தார். மைக்கேல் ஜோர்டனைக் காக்கும் கடினமான வேலையும் டூமார்ஸுடையதே. பெஞ்சிலிருந்து எழுந்துவந்து எறிகிற வின்னி ஜான்ஸனுக்கு வழிவிட்டார். 1989 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை டூமார்ஸ் பெற்றபோது அணித்தலைவரின் புகழ் குறைந்துவிடவில்லை; அடுத்த வருஷம் அதே விருது தாமஸுக்கு வந்தது. பலவீனம் உடம்பில் இருந்தால் துணைவர் மறைக்கலாம்; புகழாசையில் இருந்தால் தாமேதான் அடக்கவேண்டும். அடக்கிய தாமஸை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் தோல்வியை ஏற்கும் பெருந்தன்மை மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. 1991-இல் சிகாகோவிடம் நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்றபோது, கடைசி ஆட்டம் முடிவதற்குச் சில விநாடிகளுக்கு முன்பே, வென்றவர்களோடு கைகுலுக்காமல் தம் துணைவர்களோடு வெளியேறினார். அடுத்த செப்டம்பரில் பார்ஸிலோனா ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்க அணி தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தாமஸின் சொந்தப் பயிற்சியாளரான சக் டேலியே அதற்குப் பயிற்சியாளராக இருந்தும், தாமஸின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்த பெயர் ஸ்டாக்டன்.

தாமஸின் விடை மைதானத்தில் வந்தது. அவ்வருஷ நவம்பரில் டெட்ராய்டுக்கு யூட்டா அணி வந்தபோது, ஸ்டாக்டனின் கண்ணெதிரே 44 புள்ளிகள் எடுத்துக் காட்டினார். டிசம்பர் 14-ஆம் தேதி யூட்டாவின் ஊரில் மறுபடி சந்தித்தார்கள். கூடையை நோக்கித் தாமஸ் புகுந்தபோது ஸ்டாக்டனின் துணைவரான கார்ல் மலோனின் முழங்கை அவருடைய நெற்றியில் விழுந்தது. 40 தையல்கள் போடவேண்டியிருந்தது. மலோனுக்கு ஓர் ஆட்டத் தடையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. வேகத்துக்கு வேகம் என்று வந்தால் ஸ்டாக்டனால் தாமஸை நிறுத்த முடியாது என்பது மெய்யாயிற்று. அதற்காகத் தேர்வு தவறென்று சொல்லிவிட முடியுமா என்பது வேறு கேள்வி. இருவருக்கும் அந்த அணியில் இடமிருந்திருக்கவேண்டும் என்றே என் மனம் சொல்கிறது.

ஸ்டாக்டன் வாஷிங்டன் மாகாணத்து ஸ்போக்கேன் நகரத்தவர். தந்தையார் அவ்வூரில் மதுக்கடை நடத்தியவர். வீட்டிலிருந்து தூரமில்லாத கொன்ஸாகா கலாசாலையில் படித்தார். 1984-இல் யூட்டா ஜாஸ் அவரைப் பதினாறாம் தேர்வாக அழைத்தபோது, யார் இவர் என்று கேட்டவர்களே அதிகம். 6 அடி 1 அங்குலம், ஒல்லியான தேகம், பார்த்தால் ஆட்டக்காரரென்றே தோன்றாத தோற்றம், மற்றவர்களெல்லாம் நீண்ட கால்சட்டைக்கு மாறிவிட்ட பின்பும் தாம் தொடங்கிய நாளில் உடுத்திய குட்டைக் கால்சட்டையையே கடைசிவரை உடுத்தியவர். 19 பருவங்கள் ஒரே அணிக்கு ஆடினார். அத்தனை வருஷங்களிலும் அவர் ஆடாமல் விட்ட ஆட்டங்கள் 22 மட்டுமே, அவற்றுள் 18 முழங்கால் சிகிச்சை செய்துகொண்ட ஒரே பருவத்தில். 15,806 அஸிஸ்டுகள். இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கும் அவருக்கும் இடையே இன்றும் 3,000-க்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. பிறர் கையிலிருந்து பறித்த பந்துகள் 3,265. அதிலும் அவரே முதல்வர்.

அவருடைய ஆயுதம் ஒன்றே ஒன்று: மலோனோடு சேர்ந்து ஆடிய ‘பிக் அண்ட் ரோல்’. மலோன் வந்து ஸ்டாக்டனைக் காப்பவரின் வழியில் மதில்போல் நிற்பார். ஸ்டாக்டன் அந்த மதிலை உரசிக்கொண்டு திரும்புவார். காவலர்கள் இருவரும் பந்தின்மேல் பாய்ந்தால் மலோன் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார், பந்து தரையில் ஒருமுறை எம்பி அவருடைய கையில் போய் விழும். மலோனோடு ஒருவர் ஓடிவிட்டால் ஸ்டாக்டனே நின்று எறிவார். லீகில் அத்தனை அணிகளுக்கும் இது தெரியும். எந்தக் கணத்தில் வரும் என்பதும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. காரணம், பாஸை விடும் கணத்தை அவர் காவலரின் பாதத்தைப் பார்த்து நிர்ணயித்தார் என்பதே. எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் அந்த அரை விநாடியில் பந்து புறப்பட்டுவிடும்.

அவரிடம் சொல்லப்படும் குறைகள் மூன்று. ஒன்று, அவர் போட்ட திரைகள் கடுமையானவை, முழங்கையும் முட்டியும் கலந்தவை என்ற புகார். அந்தச் சிறிய உடலைக் கொண்டு ஏழடி மனிதர்களின் வழியில் தயங்காமல் நின்றவரைப் பற்றி இந்தப் புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது, பெரிய உடம்பும் வேகமும் சேர்ந்த காவலர் எதிர்ப்பட்டால் அவர் அடங்கிப்போவார் என்பது. 1996 மேற்குப் பிரிவின் இறுதித் தொடரில் சியாட்டிலின் கேரி பேட்டன், அவ்வருஷத்தின் மிகச்சிறந்த காவலர் விருது பெற்றவர், அவரை நெருக்கிப் பிடித்து ஏழு ஆட்டங்களில் யூட்டாவைத் தோற்கடித்த அணியில் இருந்தார். அதே பேட்டன் பிற்காலத்தில், ஜோர்டனைக் காட்டிலும் ஸ்டாக்டனைக் காப்பதே தமக்குக் கடினமாக இருந்ததென்று சொல்லியிருப்பதையும் சேர்த்தே இதை மதிப்பிடவேண்டும்.

மூன்றாவது குறைதான் மெய்யானது. எறிந்தவற்றில் பாதிக்கு மேல் கூடையில் போட்டவர், அதாவது கூஸியும் தாமஸும் கனவிலும் காணாத துல்லியமுடையவர், ஆட்டத்துக்குச் சராசரி 13 புள்ளிகளே எடுத்தார். தாம் எறியவேண்டிய வேளையிலும் பிறருக்குக் கொடுத்தார். கொடுப்பது அவருக்கு வெறும் உத்தியன்று, சுபாவம். ஜெர்ரி ஸ்லோன் என்ற பயிற்சியாளரும் அந்தச் சுபாவத்தை மாற்ற முயலவில்லை. அவர் வகுத்த முறையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடம். ஸ்டாக்டனின் இடம் கொடுப்பது. ஜான்ஸன் தம்மைத் திருத்திக்கொண்டே போனார், தாமஸ் தம்மைக் குறைத்துக்கொண்டார்; ஸ்டாக்டனோ 1984-இல் எப்படி ஆடினாரோ அப்படியே 2003-இலும் ஆடினார்.

துணிவில்லாமல்தான் எறியவில்லை என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. 1997 மே 29-ஆம் தேதி ஹூஸ்டனில், 100–100 என்று நின்ற ஆட்டத்தில், கடைசி விநாடியில், சார்லஸ் பார்க்லி பாய்ந்து வர, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து தம் அணியை முதன்முறையாக இறுதித் தொடருக்குக் கொண்டுசென்றவர் அவர்தான். அந்த இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில், சிகாகோ முன்னிலையில் இருக்க, ஒரு நிமிஷமும் மிச்சமில்லாதபோது, ரீபவுண்டைப் பிடித்த ஸ்டாக்டன் தலையை உயர்த்தி மறுகோடியில் மலோன் ஓடுவதைக் கண்டார். இடையில் ஜோர்டன். பந்தை ஒற்றைக் கையால் ஏறக்குறைய மைதானத்தின் முழு நீளத்துக்கும் வீசினார். ஜோர்டனின் விரல்நுனிக்கு எட்டாமல், மலோனின் ஓட்டத்துக்கு முன்னால் சரியாக இறங்கிற்று. 74–73. சற்றே தாழ்ந்திருந்தால் ஆட்டம் போயிருக்கும். மேலே சென்றிருந்தால் பந்து வெளியே. மற்ற எந்தப் பாயிண்ட் கார்டும் அந்த நிலையில் பந்தைத் தட்டிக்கொண்டு மெல்ல வந்திருப்பார். அடுத்த வருஷம் ஆறாம் ஆட்டத்தில், 41.9 விநாடி மிச்சமிருக்கையில் மூன்று புள்ளி எறிந்து யூட்டாவை 86–83 என்று முன்னே நிறுத்தியவரும் ஸ்டாக்டனே. அதன்பின் ஜோர்டன் இரண்டு புள்ளி எடுத்ததும், மலோனின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்ததும், 5.2 விநாடி இருக்கும்போது மறுபடி எறிந்து 87–86 ஆக்கியதும் உலகம் அறிந்த விஷயம். கடைசி எறி ஸ்டாக்டனுடையது. கூடையின் வளையத்தில் பட்டுத் திரும்பிற்று.

பட்டமில்லாமல் போனதைக் கொண்டு அவரை மற்ற இருவருக்கும் கீழே வைக்கிறவர்கள், கூப்பரும் ஜப்பாரும் டூமார்ஸும் மற்றவர்களுக்குச் செய்ததை ஸ்டாக்டனுக்குச் செய்ய மலோன் ஒருவரே பல வருஷங்கள் இருந்தார் என்பதையும், எதிரே நின்றவர் ஜோர்டன் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒரே ஓர் ஆட்டம், அதை வென்றே தீரவேண்டும் என்றால் நான் ஜான்ஸனிடம் பந்தைக் கொடுப்பேன். அவரளவு சகலத்தையும் செய்யக்கூடியவர் இந்த ஸ்தானத்தில் தோன்றவில்லை. தோல்வியின் விளிம்பில் பத்து விநாடி இருக்கும்போது தாமஸிடம் கொடுப்பேன். 19 வருஷத்துக்கு ஓர் அணியைக் கட்டி நடத்தவேண்டுமென்றால் ஸ்டாக்டனைத் தவிர வேறொருவரை எண்ணமாட்டேன்.

தாமஸ் 1994-இல் குதிகால் தசைநாண் அறுந்து ஓய்வு பெற்றார். ஸ்டாக்டன் 2003-இல் விலகினார். 2004–05 பருவத்தில், பந்தோடு வருபவரின் இடுப்பில் கைவைத்துத் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். பேட்டனைப் போன்ற காவலர்களின் பிடி அதனால் தளர்ந்தது; சிறிய தேகமுள்ளவர்களுக்கு மைதானம் திறந்துகொண்டது. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஸ்டீவ் நாஷ், முதுகுவலி தாளாமல் பெஞ்சுக்கருகில் தரையில் படுத்துக்கொண்டு தம் முறைக்குக் காத்திருந்தவர், அந்தப் பருவத்திலும் அடுத்ததிலும் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ஆயினும் ஓர் இறுதித் தொடரையும் அவர் கண்டதில்லை. அவரைப் பற்றியும், அவருக்குப் பின் வந்த கிறிஸ் பாலைப் பற்றியும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)